வட்டி கட்டும் சாமியும் கணக்குக் கேட்கும் மக்களும்

திருமலை உண்டியலில் காசு போட்டுவிட்டு வருகிறவரை நிறுத்தி, எதற்குப் போட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பத்மாவதித் தாயாரைக் கல்யாணம் செய்துகொள்ள ஏழுமலையான் குபேரனிடம் கடன் வாங்கினார், அந்தக் கடனுக்கு இன்றுவரை வட்டி கட்டி வருகிறார், கலியுகம் முடியும்போதுதான் கடன் தீரும், நாம் போடும் காசு அந்த வட்டிக்குப் போகிறது என்பார். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய நமக்கே இந்தக் கணக்கு இடிக்கிறது. கடன் கொடுத்தவன் செல்வத்துக்கே அதிபதி. வாங்கியவர் உலகத்துக்கே அதிபதி. வட்டி கட்டுகிறவன் மட்டும் செய்யாற்றிலிருந்து செங்கல் சூளைக்கு வந்த கூலிக்காரன்!

எந்தப் பகுத்தறிவுத் தராசிலும் இது நிற்காது. ஆனாலும் அந்த உண்டியலில் ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் விழுகிறது. தேவஸ்தானத்தின் 2024-25ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் 5,141 கோடி ரூபாய். நிற்காத தராசில் இவ்வளவு பாரம் எப்படி ஏறியது?

இந்தக் கேள்வி நம் சங்கத்துக்குள் சில மாதங்களாகப் புகைந்துகொண்டிருக்கிறது. புரட்டாசி வந்தால் சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள நம் குடும்பங்களில் பாதிப்பேர் மொட்டை போடப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஊரிலிருந்து மாமன் மச்சான் வருகிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு, வண்டிக் கூலி, பிள்ளைக்குப் புதுத்துணி என்று செலவாகிறது. அதற்கு வாரவட்டிக்காரனிடம் கைநீட்டுகிறார்கள். சாமியின் வட்டியைக் கட்ட நாம் வட்டிக்கு வாங்குகிறோம். "இந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் சங்கம் கண்டிக்க வேண்டாமா அண்ணே?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பெரியவர்கள் விடுவதாயில்லை. "தம்பி, உன் சங்கத்துக்கு வயசு என்ன? கோவிந்தா கோவிந்தா என்று கூப்பிட்டுக்கொண்டே ஆயிரம் வருஷம் இந்த ஜனம் பிழைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்போம்?" என்கிறார்கள்.

இரண்டு கட்சியிலும் நம்மவர்கள் இருப்பதால், இருவரையும் சமாதானப்படுத்தி ஒதுங்கிக்கொள்வது எளிது. அது நம் வழக்கமில்லை. பெரியவர்கள் சொல்வதையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஆதாரமில்லாத நம்பிக்கை ஒரு நாகரிகத்தை உயிரோடு வைத்திருக்குமா?

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் நிலத்தின் வடக்கெல்லையாகச் சொல்லும் வேங்கடம்தான் இந்த மலை. கோயிலின் சுவர்களிலும் பிராகாரங்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள். பெரும்பாலானவை தமிழ். 1930களில் தேவஸ்தானமே அவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று பெரும்பாலோர் கொள்ளும் பல்லவ குலத்து அரசி சாமவை, ஒரு வெள்ளித் திருமேனியைச் செய்து கொடுத்து, நகைகளும் நிலமும் எழுதிவைத்தார். போக ஸ்ரீநிவாசர் என்ற அந்தத் திருமேனிக்கு இன்றும் பூஜை நடக்கிறது. சாமவையின் குலம் ஆண்ட அரசு எங்கே? சோழர் எங்கே? விஜயநகரம் எங்கே? 1565இல் தலைக்கோட்டைச் சண்டையில் விஜயநகரத்தின் சேனை உடைந்தது. ஹம்பியை இன்று பார்க்கப் போகிறவன் இடிபாட்டைத்தான் பார்க்கிறான். யானையும் குதிரையும் காக்க முடியாத காலத்தைக் கடந்து மலைமேல் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

பெரியவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். நாம் இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். அந்தக் கல்வெட்டுகளில் என்ன எழுதியிருக்கிறது? கோவிந்தன் பெருமை கொஞ்சம்தான். மீதியெல்லாம் கணக்கு! இன்னார் இத்தனை பணம் கொடுத்தார், அதைக் கொண்டு இன்ன கிராமத்தில் ஏரி வெட்ட வேண்டும், கால்வாய் தோண்ட வேண்டும், அதனால் கூடுதலாக விளையும் நெல்லிலிருந்து நாள்தோறும் இத்தனை தளிகை அமுது படைக்க வேண்டும். படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு. அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். இதைக் கோயில் நிர்வாகிகளான ஸ்தானத்தார் ஒப்புக்கொண்டு கல்லில் வெட்டிவைத்தார்கள். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் இப்படி வந்த பணம்தான் இந்த வறண்ட சீமையில் எத்தனையோ கிராமங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது.

கொடுத்தவர் எதை நம்பிக் கொடுத்தார்? புண்ணியம் வரும் என்று நம்பினார். அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் ஏரிக்கு ஆதாரம் உண்டு. தண்ணீருக்கும் நெல்லுக்கும் ஆதாரம் உண்டு. 'உன் பக்கத்து ஊர்க்காரன் பயிர் செய்ய ஏரி வெட்டிக் கொடு' என்று கேட்டிருந்தால் அந்தப் பணக்காரர் மடியை அவிழ்த்திருக்க மாட்டார். முன்பின் தெரியாதவனுக்காகக் காசு கொடுக்க மனிதனுக்கு நியாயமான காரணம் எதுவும் கிடைப்பதில்லை. நியாயமில்லாத காரணம் ஒன்று கிடைத்தது. அதைச் சுற்றிக் கணக்குப்பிள்ளைகளும் மண்வெட்டிக்காரர்களும் நியாயமான காரியம் ஒன்றைக் கட்டினார்கள். மண் சுமந்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டவில்லை. ஆனாலும் ஏரியைக் கட்டியவர்கள் அவர்களே.

நம்பாதவர்களும் இந்த நம்பிக்கையால் பிழைத்தார்கள். ஆற்காட்டு நவாபுக்கு மலையின் வருமானம் தேவைப்பட்டது. நவாபிடமிருந்து அது கும்பினியின் கைக்குப் போயிற்று. 1801 முதல் கிழக்கிந்தியக் கும்பினி நேரடியாகவே நிர்வாகம் செய்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற துரை, திங்கட்கிழமை உண்டியல் கணக்குப் பார்த்தார். விக்கிரக ஆராதனையில் கிறிஸ்தவ சர்க்காருக்கு என்ன வேலை என்று பாதிரிமார்கள் சீமையில் கூச்சல் போட்ட பிறகுதான், 1843இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்து விலகினார்கள். மகந்துகள் ஆட்சி தொண்ணூறு ஆண்டு நடந்தது. 1933இல் சட்டப்படி தேவஸ்தானக் குழு வந்தது. மகந்து காலத்துக் கணக்கு வழக்குகளைப் பற்றி எழுந்த புகார்களே தனிப் புத்தகமாகும். அதை இங்கே விரிக்கவில்லை.

இங்கே வந்து குடியேறிய நமக்கு இந்த மலை இன்னொரு காரியமும் செய்திருக்கிறது. வடக்கெல்லைப் போராட்டம் நடந்து, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்தில் நின்றன. ஆபீசுப் பலகைகளில் தெலுங்கு வந்தது. அது ராஜ்யத்தின் பாஷை, நியாயம்தான். நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்புகள் தேய்ந்தன. அது நியாயமில்லை. எத்தனை மனுக்கள் கொடுத்தோம் என்பது இந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் மார்கழி மாதம் முழுவதும் விடியற்காலையில், வழக்கமான சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவையே இன்றும் ஏழுமலையானை எழுப்புகிறது. அதே சாமிக்கு அன்னமாச்சாரியார் தெலுங்கில் பாடியவற்றைச் செப்பேட்டில் வெட்டி அறைக்குள் வைத்துக் காத்தார்கள். எந்த எல்லைக் கமிஷனும் செய்யாததை இந்த நம்பிக்கை செய்தது. இரண்டு பாஷையும் ஒரே கூரைக்குள் பத்திரமாக இருக்கின்றன.

கடல் தாண்டியும் பாருங்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. பின்னால் தொடர்ந்து சென்ற கப்பல்களில் வடஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்தவர்கள் ஏராளம். அன்று அந்த ஜில்லாவின் தலைநகரம் நம் சித்தூர்தான், 1911 வரை. ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், கரும்புத் தோட்டத்தில் விடிந்தது முதல் பொழுது சாயும்வரை வேலை. அந்த ஜனங்கள் தகரத்தாலும் மரத்தாலும் மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள். டர்பனுக்குப் பக்கத்தில் இசிப்பிங்கோ ரயில் என்றே பெயருள்ள ஊரில் இருக்கும் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு இன்றும் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். எந்த நாளில் தெரியுமா? பெரிய வெள்ளிக்கிழமையில்! தோட்டத் துரை அன்றுதான் லீவு விட்டார். ஆடி மாதத்து அம்மனை ஏசுநாதரின் லீவு நாளுக்கு மாற்றிக்கொண்டார்கள். பாஷை கரைந்துபோன பேரப்பிள்ளைகளும் அந்த ஒரு நாளில் தங்களைத் தமிழர் என்று அறிகிறார்கள். ரயில்வேக்காரர்களான நமக்கு அந்த ஊரின் பெயரே உறவாகத் தோன்றுகிறது.

ஆகையால் பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. இத்தோடு முடித்துவிட்டால் அவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் அதே தென்னாப்பிரிக்காவில், ட்ரூரோ கப்பல் கரைசேர மூன்றே ஆண்டுகள் முன்பு, வேறொரு ஜனத்துக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும்.

கோசா என்ற ஆப்பிரிக்க இனத்தார் மாடுகளையே செல்வமாகக் கொண்டவர்கள். வெள்ளையரோடு பல சண்டைகளில் தோற்று, நிலத்தை இழந்து, ஐரோப்பிய மாடுகளோடு வந்த நுரையீரல் நோயில் மாடுகளையும் இழந்துகொண்டிருந்தார்கள். 1856இல் நோங்கவூசே என்ற சிறுமி, முன்னோர்கள் தன்னிடம் பேசினார்கள் என்றாள். இருக்கும் மாடுகளையெல்லாம் வெட்டுங்கள், தானியத்தை அழியுங்கள், விதைக்காதீர்கள், முன்னோர்கள் புதிய மாடுகளோடு எழுந்து வந்து வெள்ளையனைக் கடலில் தள்ளுவார்கள் என்பது அவள் சொன்ன சேதி. தலைவனே நம்பினான். சுமார் நாலு லட்சம் மாடுகளை வெட்டினார்கள். குறித்த நாள் வந்தது. சூரியன் எப்போதும்போல் உதித்து எப்போதும்போல் மறைந்தது. பசியில் சுமார் நாற்பதாயிரம் பேர் செத்தார்கள். எஞ்சியவர்களில் ஆயிரமாயிரம் பேர் வெள்ளையர் பண்ணைகளுக்குக் கூலிகளாகப் போனார்கள். கவர்னருக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

அந்த நம்பிக்கையும் ஆதாரமற்றது, குபேரன் கடனும் ஆதாரமற்றது. ஒன்று ஜனத்தை அழித்தது, மற்றொன்று ஆயிரம் வருஷம் ஓடுகிறது. ஏன் இந்த வித்தியாசம்? கோசா மக்களில் மாட்டை வெட்ட மறுத்தவர்களும் இருந்தார்கள். குறித்த நாளில் ஒன்றும் நடக்காதபோது, தவறு சேதியில் இல்லை, வெட்டாதவர்களால்தான் முன்னோர்கள் கோபித்துக்கொண்டார்கள் என்று பழி அவர்கள்மேல் விழுந்தது. மேலும் வெட்டினார்கள். கேள்வி கேட்டவனையே குற்றவாளியாக்கியதால், தவறைத் திருத்திக்கொள்ள அந்த நம்பிக்கைக்கு வழியே இல்லாமல் போயிற்று. வெள்ளையன் கழுத்தை நெரித்த நேரத்தில் வந்த சேதி அது, அந்த மக்களை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனால் பாடம் இருக்கிறது. மலைமேல் இருந்த நம்பிக்கைக்குப் பக்கத்தில் கணக்கு எழுதுகிறவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஏரி வெட்டினாயா, நெல் வந்ததா, அமுது படைத்தாயா என்று கேட்கக் கல்வெட்டு இருந்தது. ஒரு நம்பிக்கை பக்கத்தில் கணக்குக் கேட்பவனைப் பொறுத்துக்கொள்கிறதா என்பதுதான் விஷயம்.

நம் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. பெரியம்மை வந்தால் அம்மன் வந்திருக்கிறாள் என்றார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள். வெளியார் வரக்கூடாது, வீட்டார் மற்ற வீடுகளுக்குப் போகக்கூடாது, தாளிக்கக்கூடாது என்றார்கள். காரணம் தப்பு. ஆனால் நோயாளியை ஒதுக்கிவைத்ததில் பத்து வீட்டுக்குப் பரவாமல் சில வீடுகள் தப்பின. அதே நம்பிக்கைதான் அம்மை குத்த வந்தவரைக் கண்டு குழந்தைகளைக் குதிருக்குள் ஒளித்ததும். வேப்பிலையால் நோய் ஒழியவில்லை. வீடுவீடாகத் தேடி ஊசி போட்டார்கள். 1975இல் இந்தியாவில் கடைசி நோயாளியும் குணமானார், 1980இல் உலகம் முழுவதும் பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அம்மன் கோபித்துக்கொண்டாளா? இல்லை. ஊசியையும் ஏற்றுக்கொண்டு இன்றும் கூழ் குடித்துக்கொண்டிருக்கிறாள். திருப்பதித் தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையில், ஆண்கள் பெண்வேஷம் கட்டித் தெருவில் வருகிறார்களே, அதன் கதை நம் தாய்மார்களுக்குத் தெரியும். ஊர்ப் பெண்களைக் கெடுத்துவந்த பாளையக்காரனைக் கங்கம்மா வேஷம் மாற்றி மாற்றித் தேடிப் பிடித்துத் தலையை வெட்டிய கதை. இது நடந்ததா என்று கேட்பவர் கேட்கட்டும். அதிகாரத்திலிருப்பவன் பெண்ணைத் தொட்டால் தப்ப முடியாது என்று ஒரு ஊர் வருஷத்துக்கு ஒரு வாரம் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. மற்ற ஐம்பத்தொரு வாரம் அது நினைவிருக்கிறதா என்பதுதான் நம் கவலை.

இப்போது காணிப்பாக்கத்துக்கு வருவோம், ஏனென்றால் இதில்தான் நம் கூலி மாட்டிக்கொண்டிருக்கிறது.

சித்தூரிலிருந்து கூப்பிடு தூரம். குருடர், ஊமை, செவிடர் என்ற மூன்று சகோதரர்கள் கிணற்றை ஆழமாக்கத் தோண்டியபோது கடப்பாரை கல்லில் பட்டு ரத்தம் வந்ததாகவும், அங்கே விநாயகர் வெளிப்பட்டதாகவும், மூவரும் குணமானதாகவும் கதை. பக்தர்கள் உடைத்த தேங்காயின் நீர் ஒரு காணி நிலத்துக்கு ஓடியதால் காணிப்பாக்கமாம். அந்தப் பிள்ளையார் சத்தியத்துக்குப் பேர்போனவர். குளத்தில் முழுகி எழுந்து, ஈரத்துணியோடு சந்நிதியில் நின்று பொய்ச்சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்பது இந்த ஜில்லா முழுவதும் உள்ள நம்பிக்கை. ஆந்திரத்து அரசியல்வாதிகளும், காணிப்பாக்கம் வந்து சத்தியம் செய்யத் தயாரா என்று ஒருவரையொருவர் சவால் விடுவது உண்டு.

ஏளனமாகச் சொல்லவில்லை. பத்திரம் எழுதத் தெரியாத ஜனங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! மாடு காணாமல் போனது, வரப்பு நகர்ந்தது, கைமாற்று வாங்கியவன் இல்லையென்றது, எதற்கும் வக்கீல் வேண்டாம், ஸ்டாம்பு வேண்டாம், வாய்தா வேண்டாம். நம் சங்கத்துக் குடும்பங்கள் இரண்டுக்குள்ளேயே சீட்டுப் பணத் தகராறு வந்தது. பேசிப் பார்த்தோம், முடியவில்லை. காணிப்பாக்கம் போனார்கள். பணம் கொடுத்துவிட்டேன் என்று சாதித்த அம்மாள் குளத்துப் படிவரை வந்தார். அங்கே நின்றுவிட்டார். தண்ணீரில் இறங்கவில்லை. மறுவாரம் பணம் வந்து சேர்ந்தது. இரண்டு குடும்பமும் இன்று ஒன்றாகக் குழாயடியில் நிற்கின்றன. எந்தக் கோர்ட்டு இதைச் செய்யும்?

இன்னொரு வழக்கும் உண்டு. திருவண்ணாமலைப் பக்கத்து எட்டுக் குடும்பங்கள் ஒரு சூளையில் ஒரு பருவம் முழுக்க வேலை செய்தன. முன்பணம் போக மீதிக் கூலியைக் கொடுத்தாகிவிட்டது என்றான் மேஸ்திரி. ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. சத்தியம் செய் என்றார்கள் நம்மவர்கள். மேஸ்திரி சந்தோஷமாக வந்தான். முழுகினான். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனான். நம்மவர்கள் காத்திருந்தார்கள். இவன் கண் போகும், கை போகும், வண்டி கவிழும் என்று ஒரு வருஷம் காத்திருந்தார்கள். அதன் பிறகுதான் சங்கத்துக்கு வந்தார்கள். அதற்குள் சூளை கைமாறிவிட்டது, சாட்சிகள் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். மேஸ்திரியின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, போனது எட்டுக் குடும்பத்தின் கூலி.

ஒரே குளம், ஒரே சத்தியம். முதல் வழக்கில் இரண்டு தரப்பும் நம்பின, பயந்தன, நாளைக்கும் ஒரே தெருவில் வாழ வேண்டியவர்கள். இரண்டாவதில் ஒரு தரப்புக்கு மட்டும்தான் பயம். சமமானவர்களுக்குள் நம்பிக்கை ஒரு பாலம். மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் நடுவில் அது மேலே இருப்பவன் ஏறிப்போகும் ஏணியாகிவிடுகிறது. மேஸ்திரி ஏன் அவ்வளவு சந்தோஷமாக வந்தான் என்று இப்போது புரிகிறதா? ஒரு தேங்காயும் கற்பூரமும் செலவு, அதோடு அவன் கணக்குத் தீர்ந்தது. 1979ஆம் வருஷத்து மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒவ்வொரு தொழிலாளியின் கையிலும் போட்டோ ஒட்டிய பாஸ்புக் இருக்க வேண்டும், கூலியும் முன்பணமும் அதில் எழுதப்பட வேண்டும் என்றது. நாம் பார்த்த சூளைகளில் அப்படிப்பட்ட பாஸ்புக்கைக் கண்ணால் கண்டவர் கிடையாது. கேட்டவரும் குறைவு.

இனி இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நம்பிக்கை என்றால் சாமி மட்டும்தான் என்று நினைக்கிறீர்கள். 1974 மே 8ஆம் தேதி இந்த நாட்டின் ரயில்வேத் தொழிலாளர்கள், ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில், ஏறத்தாழ பதினேழு லட்சம் பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் அன்று நியாயமாகக் கணக்குப் போட்டிருந்தால் என்ன செய்திருப்பார்? மற்றவர்கள் நிறுத்தட்டும், நான் வேலைக்குப் போகிறேன், ஜெயித்தால் எனக்கும் கிடைக்கும், தோற்றால் என் வேலை தப்பும். புத்திசாலியின் கணக்கு அதுதான். அந்தக் கணக்கைப் போடாமல், முகம் தெரியாத கோரக்பூர்க்காரனும் கரக்பூர்க்காரனும் தன்னைப்போலவே நிற்பான் என்று ரேணிகுண்டாவிலும் காட்பாடியிலும் இருந்தவன் எந்த ஆதாரத்தில் நம்பினான்? ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். குவார்ட்டர்சிலிருந்து குடும்பங்களை வெளியே தள்ளினார்கள். மே 27ஆம் தேதி வேலைநிறுத்தம் முடிந்தது, கோரிக்கை எதுவும் கைகூடாமல். அன்று கேட்ட போனஸ் 1979இல் வந்தது. நம் மூத்தவர்கள் அந்த இருபது நாளைப் பற்றிப் பேசும் குரலும், சபரிமலைக்கும் திருமலைக்கும் நடந்துபோனதைப் பற்றிப் பேசும் குரலும் நம் காதுக்கு ஒன்றாகவே கேட்கின்றன. நம் சங்கத்துக்கு மாதச் சந்தா கொடுக்கிறவரும் ஒருவகையில் உண்டியலில் போடுகிறவர்தான். ஆகவே நம்புகிறவனைக் கண்டு சிரிக்காதீர்கள். நம் சந்தா நோட்டை மாதம் ஒருமுறை யாரும் வந்து பார்க்கலாம் என்று வைத்திருக்கிறோமே, அதைப்போல எல்லா இடத்திலும் கேளுங்கள்.

மலையிலும் கேட்க வேண்டியவை உண்டு. கல்யாணக்கட்டையில் நம் பெண்கள் கொடுக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது, கோடிக்கணக்கில் வருகிறது. 2004இல் யூத மதகுருமார்கள், விக்கிரகத்துக்குக் காணிக்கையான முடி தங்கள் பெண்களுக்கு ஆகாது என்று தீர்ப்புச் சொல்ல, நியூயார்க்கிலும் இஸ்ரேலிலும் விலையுயர்ந்த டோப்பாக்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். இங்கே ஒருவர் நம்பிக்கையால் கொடுத்ததை அங்கே ஒருவர் நம்பிக்கையால் எரித்தார், நடுவில் வியாபாரி சம்பாதித்தான். அதே மலையில் 1985 முதல் நாள்தோறும் இலவசச் சாப்பாடு போடுகிறார்கள். அந்தப் பெரிய அன்னதானக் கூடத்துக்குத் தரிகொண்டா வெங்கமாம்பா என்ற கவிஞரின் பெயர். நம் சித்தூர்ச் சீமைப் பெண். கணவன் இறந்ததும் மொட்டையடிக்க வந்தவர்களிடம் தலையைக் கொடுக்க மாட்டேன் என்று மறுத்து, மலைக்குப் போய் வந்தவர்களுக்குச் சோறு போட்டவர் என்கிறார்கள். முடியைக் கொடுக்கவும் உரிமை உண்டு, மறுக்கவும் உரிமை உண்டு என்று அந்த அம்மாள் காட்டியிருக்கிறார். கடன் வாங்கி மொட்டை போடுகிற குடும்பங்கள் இதை யோசிக்கட்டும். சாமி காத்திருப்பார், வாரவட்டிக்காரன் காத்திருக்க மாட்டான்.

2025 ஜனவரி 8ஆம் தேதி, வைகுண்ட ஏகாதசி டோக்கன் வாங்கத் திருப்பதியில் கூடிய கூட்டம் நெரிந்து ஆறு பேர் இறந்தார்கள். சேலத்துப் பக்கத்துப் பெண் ஒருவரும் அதில் உண்டு. விதி என்றார்கள், புண்ணிய சாவு என்றும் சிலர் சொன்னார்கள். இதை நாம் ஒப்ப முடியாது. டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து புரட்டாசிக் கூட்டத்தைப் பார்க்கிறவர்கள் நாம். கம்பி எத்தனை, கதவு எத்தனை, எந்தக் கதவை எப்போது திறப்பது என்பது மனுஷன் செய்யும் வேலை. கூட்டத்தைக் கொண்டுவந்தது நம்பிக்கை. கதவைத் திறந்த முறைக்கு அது பொறுப்பல்ல, பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு.

இன்னும் ஒன்று, சொல்லக் கசக்கிறது. இதே சேஷாசலம் காட்டில், 2015 ஏப்ரல் 7ஆம் தேதி செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி இருபது தமிழ்த் தொழிலாளர்களை அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். செத்தவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம், வேலூர் ஜில்லாக்காரர்கள். அவர்களில் மலையப்பனுக்கு மொட்டை போடாதவர் இருந்திருப்பாரா என்பது சந்தேகம். மலையின் ஒரு பக்கத்தில் பக்தனாக வந்தவனுக்கு இலையில் சோறு, மறுபக்கத்தில் கூலியாக வந்தவனுக்குத் துப்பாக்கி. அவர்களைக் காட்டுக்கு அனுப்பிய பெரிய கைகளை யாரும் இன்னும் நம் கண்ணில் காட்டவில்லை. அந்தக் குடும்பங்களும் ஏதோ ஒரு சந்நிதியில் நின்று கேட்டுத்தான் இருக்கும்.

புரட்டாசிக்கு மலைக்குப் போகிறவர்கள் போய்வரட்டும். போகுமுன், சூளை, தோட்டம், கட்டட வேலைக் கூலிப் பாக்கி உள்ளவர்கள் தேதி, வேலை செய்த நாள், வாங்கிய முன்பணம் இவற்றை ஒரு தாளில் எழுதி, கூடவே வேலை செய்த இரண்டு பேரின் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கப் பெண்கள் பிரிவிலிருந்து இருவர் இருப்பார்கள். காணிப்பாக்கத்தில் சத்தியம் வாங்கியவர்களும் வரலாம். அந்தச் சத்தியம் பாட்டுக்கு இருக்கட்டும், இந்தத் தாளும் இருக்கட்டும்.